நிறைந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

சிங்கப்பூரின் பொங்கோலில் இருக்கும் என் தம்பி வீட்டில், குண்டுவீச்சிலிருந்து காக்கக் கட்டிய அறையான பாம் ஷெல்டரைத்தான் சாமான் அறையாக வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதப் பள்ளி விடுமுறையின்போது, மடக்கு நாற்காலி எடுக்க அதற்குள் நுழைந்தேன். கீழ்த் தட்டில், அரிசி மூட்டைக்குப் பின்னால், பரிசுத் தாள் பாதி கிழிந்த நிலையில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே இருப்பது என்ன என்று தெரிகிற அளவுக்கு மட்டுமே தாளைக் கிழித்திருந்தார்கள். பெட்டியின் ஒட்டுநாடா அப்படியே இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன், கிறிஸ்துமஸ் அன்று, தம்பி மகனுக்கு நான் கொடுத்த ரிமோட் கார் அது.

பிள்ளைமீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த டிசம்பர் 25 பிற்பகலை நினைத்துப் பார்த்தால் அவனைக் குறை சொல்ல இடமே இல்லை. காலை ஆராதனை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்த பிறகு, மரத்தடியில் இருந்த பரிசுகளை எண்ணினோம். இரண்டு பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து 23 இருந்தன. அப்போது தொடக்கநிலை 1 முடித்திருந்த தம்பி மகள், ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு கணம் பார்த்து, பக்கத்தில் வைத்துவிட்டு, "அடுத்தது எது அத்தை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலில் பேராசை இல்லை, களைப்புதான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேருடைய அன்பை ஒரு மணி நேரத்துக்குள் வாங்கி, ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்து, நன்றி சொல்லி முடிக்க வேண்டும் என்பது ஏழு வயதுப் பிள்ளையின் தோளுக்குப் பெரிய சுமை.

அந்தக் காரை நான் வாங்கிய விதத்தை இப்போது நினைத்தால் மனம் வலிக்கிறது. டிசம்பர் 22, ஆர்ச்சர்ட் சாலையில் நடக்கவே இடமில்லாத மாலை. கடைக்காரப் பெண்ணிடம், "பத்து வயதுப் பையனுக்கு எது நன்றாகப் போகிறது?" என்று கேட்டேன். அவர் காட்டியதை வாங்கினேன். நான் கேட்ட கேள்வியில் வயது இருந்தது, பையன் என்ற சொல் இருந்தது, ஆனால் என் தம்பி மகன் இல்லை. அந்தக் கேள்வியை அந்த மாலை ஆயிரம் பேர் கேட்டிருக்கலாம். ஆயிரம் பேருக்கும் அதே கார் கிடைத்திருக்கும்.

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆண்டுதோறும் டிசம்பரில் மத்தேயு இரண்டாம் அதிகாரம் வரும். சாஸ்திரிகள் பொன்னையும் தூபவர்க்கத்தையும் வெள்ளைப்போளத்தையும் காணிக்கையாக வைத்தார்கள் என்று வாசித்ததும், ஏதாவது ஒரு பிள்ளை தவறாமல் கேட்கும்: "குழந்தைக்கு எதுக்கு டீச்சர் சாம்பிராணி?" நல்ல கேள்வி. கைக்குழந்தை விளையாடுவதற்கு அந்த மூன்றில் ஒன்றுகூட உதவாது. ஆனால், பொன் அரசனுக்கு, தூபம் தெய்வத்துக்கு, வெள்ளைப்போளம் சாகப்போகிறவரின் அடக்கத்துக்கு என்று திருச்சபை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அதாவது, அந்தப் பரிசுகள் ஒவ்வொன்றும் குழந்தையைப் பார்த்து, "நீ யார் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்கின்றன. பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்த பிறகுதான் அது எனக்கே சொல்லப்பட்டதாக உறைத்தது. எல்லாம் இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு பொருள் தேவையில்லைதான். ஆனால், தன்னை ஒருவர் ஆண்டு முழுவதும் கவனித்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் தேவை எந்தப் பிள்ளைக்கும் தீர்வதில்லை.

அன்று முதல் கைப்பையில் ஒரு சிறிய குறிப்பேடு வைத்திருக்கிறேன். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பக்கம்: தம்பி மகன், தம்பி மகள், அக்கா மகள். அவர்கள் கடையில் எதைக் கேட்டு அடம்பிடித்தார்கள் என்பதை அதில் எழுதுவதில்லை. அது விளம்பரம் பேசுகிற பேச்சு, இரண்டு வாரத்தில் மாறிவிடும். யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காதபோது, அவர்கள் எதில் நின்றுவிடுகிறார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன். தம்பி மகளின் பக்கத்தில் ஜூன் மாதம் எழுதிய ஒரு குறிப்பு: "ஆச்சியின் தையல் பெட்டியைத் திறந்து, பொத்தான்களை நிறவாரியாக அடுக்கினாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை." இன்னொன்று: "பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலப் பாலத்தில், சேற்றில் துள்ளித் துள்ளி நகரும் மீனைப் பார்த்து அரை மணி நேரம் நின்றான். தொலைபேசியைக் கேட்கவில்லை."

தையல் பெட்டியை வைத்துத்தான் முதல் பரிசு பிறந்தது. என் அம்மாவை, அதாவது பிள்ளைகளின் ஆச்சியை, அஞ்சாங்கல் தைத்துத் தரச் சொன்னேன். தமிழ்நாட்டில் உண்மையான கூழாங்கற்களை வைத்து விளையாடுவார்கள். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அஞ்சாங்கல் என்றால் துணியில் தைத்த சின்னஞ்சிறு முக்கோணப் பைகள்தான். மலாய்க்கார, சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளி இடைவேளையில் தரையில் உட்கார்ந்து விளையாடிய விளையாட்டு அது. பைகளுக்குள் அரிசி அல்லது பச்சைப்பயறு போடுவது வழக்கம். நாங்கள் மஞ்சாடி விதை போடலாம் என்று முடிவுசெய்தோம். இங்கே சாகா என்பார்கள்; பூங்காக்களிலும் சாலையோரத்திலும் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும், பளபளவென்று சிவந்த விதை. ஒரு பக்கம் கறுத்திருக்கும் குன்றிமணி வேறு. அது நஞ்சு, பிள்ளைகள் கைக்கு ஆகாது. மஞ்சாடி முழுக்கச் சிவப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் பொற்கொல்லர்கள் இதை எடைக்கல்லாக வைத்துப் பொன் நிறுத்தார்கள் என்பதால், மஞ்சாடி என்பது ஓர் எடையின் பெயராகவும் இருந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, பிள்ளைகளுக்குத் தெரியாமல் நானும் அம்மாவும் பூமலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போய் நடந்தோம். மழை விட்டிருந்தது. ஈரப் புல்லில் சிவப்புப் புள்ளிகளைத் தேடிக் குனிந்து குனிந்து பொறுக்கியதில், ஒரு சிறிய ஜாம் போத்தலில் கால்வாசி சேர்ந்தது. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் சாயம் வெளுக்காத ஒரு முந்தித் துண்டு மிஞ்சியிருந்தது. அதை வெட்டி, மூன்று பக்கம் தைத்து, விதையை நிறைத்து, நான்காவது பக்கத்தைக் குறுக்காகப் பிடித்து மூடியபோது, முக்கோணப் பை தானாக எழுந்து நின்றது. நிறைய விதை திணித்தால் கல் உருண்டு ஓடும். குறைவாகப் போட்டால் புறங்கையில் நிற்காமல் தொய்ந்து விழும். அம்மா ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் போட்டுக் குலுக்கி, காதருகே வைத்துக் கேட்டு, "இது சரி", "இதுல இன்னும் மூணு வெதை போடு" என்று சொன்னார். நான்கு கற்களைத் தைத்து முடித்தோம். ஐந்தாவதைத் தைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று தம்பி மகள் பெட்டியைத் திறந்தாள். நான்கு கற்கள், ஒரு வெட்டிய துணி, ஒரு பிடி விதை, ஊசி, நூல். "ஒண்ணு குறையுது அத்தை" என்றாள். "ஆமாம், அதை நீதான் தைக்கணும். ஆச்சி சொல்லித் தருவாங்க" என்றேன். அன்று மாலை முழுவதும், வேறு பரிசுகள் அவளைச் சுற்றிக் கிடந்தபோதும், அவள் ஆச்சியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் தைத்த கல் சற்றுக் கோணல். விளையாடும்போது அதைத்தான் எப்போதும் முதலில் எடுத்து மேலே எறிகிறாள்.

பரிசில் ஒரு பகுதியை முடிக்காமல் விட்டது அம்மாவின் யோசனை. அதை நான் அப்போது முழுவதும் புரிந்துகொள்ளவில்லை. பின்னர்தான் அதன் அருமை தெரிந்தது. எல்லாம் முடிந்த, மூடிய, மின்கலம் போட்டால் தானே ஓடும் பொருள்களால் நிறைந்த வீட்டில், ஒரு பிள்ளையின் கை இல்லாமல் முடிவடையாத பொருள் என்று ஒன்று வருவது அரிது. கொடுத்தவரும் வாங்கியவரும் மறுபடி ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால்தான் அது பயன்படும் என்றால், அந்தப் பரிசு டிசம்பர் 25-ஆம் தேதியோடு முடிந்துபோவதில்லை. இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: இது எங்கள் இருவரையும் மறுபடி சேர்த்து வைக்குமா?

சேற்றில் துள்ளும் மீனைப் பார்த்து நின்ற தம்பி மகனுக்குக் கொடுத்தவை மூன்று சிறிய பொருள்கள்: ஒரு நல்ல பூதக்கண்ணாடி, கோடு போடாத ஒரு வரைநோட்டு, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்ட நாட்காட்டி. அந்தத் தேதியில் நாங்கள் இருவரும் புலாவ் உபின் தீவுக்குப் போய், செக் ஜாவா சதுப்புநிலத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. தேதியைக் குறித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், "ஒரு நாள் அத்தையுடன் விலங்குத் தோட்டம்" என்று அழகாக எழுதிய ஓர் அட்டையை அவனுக்குக் கொடுத்திருந்தேன். அந்த ஒரு நாள் வரவே இல்லை. எனக்கு வேலை, அவனுக்குத் துணைப்பாட வகுப்பு, பிறகு மழை, பிறகு தேர்வு. நேரத்தைப் பரிசாகக் கொடுக்கிறேன் என்று சொல்லி நாளைக் குறிக்காமல் விடுவது, காசோலையில் கையெழுத்துப் போடாமல் கொடுப்பதற்குச் சமம். பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள். சொல்லிக் காட்டவும் மாட்டார்கள்.

செக் ஜாவாவுக்கு நினைத்த நாளில் போக முடியாது என்பதும் நல்லதாகப் போயிற்று. கடல் மட்டம் 0.5 மீட்டர் அளவுக்கோ அதற்குக் கீழோ வற்றுகிற நேரத்தில்தான் அங்கே உயிர்கள் நன்றாகத் தென்படும். ஆகவே ஓதப் பட்டியலைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் தேதியைக் குறித்திருந்தேன்; பரிசு கொடுத்த பிறகு அந்தப் பட்டியலை மறுபடி அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். எண்கள் ஏறி இறங்குவதற்குக் காரணம் நிலா என்று அவன் கண்டுபிடித்த பிறகு, நாட்காட்டியில் பௌர்ணமியையும் அமாவாசையையும் அவனே குறித்து வைத்தான். பரிசு கையில் கிடைப்பதற்கு முன்னால் ஆறு மாதம் காத்திருந்தான். காத்திருப்பது என்ற ஒன்றை நாம் பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிட்டோம். இன்று கேட்டால் நாளைக் காலை வாசலில் பொட்டலம் வந்துவிடுகிறது.

சாங்கி முனையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பியது. தீவில் இறங்கி, சைக்கிள் வாடகைக்கு எடுத்து, செக் ஜாவா வரை மிதித்தோம். 2001-ஆம் ஆண்டு அந்தக் கடற்கரையை மண் கொட்டி நிரப்பத் திட்டமிட்டிருந்தார்கள் என்பதையும், பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் அங்குள்ள உயிர்களை எடுத்துக்காட்டி வேண்டிக்கொண்டதால் அந்த டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது என்பதையும் வழியில் அவனிடம் சொன்னேன். "அப்ப யாரும் பாக்காம இருந்திருந்தா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. மரப் பாலத்தில் குப்புறப் படுத்து, ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக இருக்கும் ஆண் நண்டுகள் அதை ஆட்டி ஆட்டி அழைப்பதைப் பார்த்து வரைந்தான். அன்றைய செலவு அந்த ரிமோட் காரின் விலையில் பாதிகூட இல்லை. வரைநோட்டு இன்னும் அவன் தலையணைக்கு அருகில் இருக்கிறது.

பொருளைவிட அனுபவமே மேல் என்று இதைப் படிப்பவர்கள் முடிவுகட்டிவிட வேண்டாம். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 3 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களிடம் இதையே கேட்டுப் பார்த்தது. சிறு பிள்ளைகளுக்குப் பொருள்களே அதிக மகிழ்ச்சி தருகின்றன, பதின்ம வயது வளர வளரத்தான் அனுபவங்கள் முந்துகின்றன என்று அது சொல்கிறது. சிறு வயதில் நடந்து முடிந்ததை மனத்தில் பிடித்து வைப்பது கடினம். கண்ணெதிரே ஒரு பொருள் இருந்தால் நினைவு அதில் ஒட்டிக்கொள்ளும். பூதக்கண்ணாடியையும் நோட்டையும் சேர்த்துக் கொடுத்தது சரி என்று இதைப் படித்த பிறகு தோன்றியது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் நல்லது என்பதற்கும் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 மழலைகளை, ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. நான்கு மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம், பல விதமாக விளையாடினார்கள். நம் பாட்டிமார் ஒரு மரப்பாச்சியை வைத்து ஊரையே விளையாடியதை நினைத்தால் இது புதிய செய்தி அல்ல. ஆனாலும், 23 பரிசு வேண்டாம் என்று உறவினரிடம் சொல்ல நேரும்போது, இது கையில் இருப்பது உதவுகிறது.

அக்கா மகளின் பக்கம்தான் குறிப்பேட்டில் நெடுநாள் வெறுமையாக இருந்தது. உயர்நிலை 3 படிக்கும் பிள்ளை. கேட்டால், "காசாக் குடுத்துடுங்க சித்தி" என்பாள். அதில் தவறில்லை, அந்த வயதில் தானே தேர்ந்தெடுப்பதுதான் மகிழ்ச்சி. ஆனாலும், ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அம்மா அச்சு முறுக்கு சுட்டபோது, அவள் அடுக்களை வாசலில் சாய்ந்தபடி, அச்சிலிருந்து முறுக்கு கழன்று எண்ணெயில் மிதக்கும் அந்த ஒரு நொடியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். குறிப்பேட்டில் எழுதினேன்.

அந்த அச்சு, 1968-இல் கல்யாணமாகி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தபோது அம்மா கொண்டுவந்தது. கைப்பிடி ஒருமுறை மாற்றியாகிவிட்டது. பூ வடிவம் தேயாமல் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கப்புறம் குடுக்கிறதவிட, நான் இருக்கும்போதே அவ கையில பாக்கலாமே" என்றார். புது அச்சாக இருந்தால் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெயில் பழக்க வேண்டும். இது ஐம்பது ஆண்டுக்கும் மேலாகப் பழகிய அச்சு. அதோடு, செய்முறையை அம்மா தன் கையால் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார்.

பரிசைப் பிரித்தபோது அக்கா மகள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையிடமிருந்து உடனே முகமலர்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளே அழைத்து, "ஆச்சி எழுதியிருக்கிற 'பால் டின்' எவ்வளவு சித்தி?" என்று கேட்டாள். கெட்டிப்பால் டின்னை அளவுப் பாத்திரமாக வைத்திருந்த தலைமுறை ஆச்சியுடையது. அவள் ஆச்சி வீட்டுக்கே போய், டின்னில் அரிசி மாவை நிரப்பி, தராசில் வைத்து நிறுத்து, நோட்டின் ஓரத்தில் கிராம் கணக்கை எழுதிக்கொண்டாள். முதல் பத்து முறுக்கு கழலவே இல்லை. அச்சை மாவில் முழுவதும் முக்கியதுதான் காரணம். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சைப் பிடித்துக்கொள்ளும். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, முக்கால் பாகம் மட்டும் மாவில் இறக்கி, உடனே எண்ணெய்க்குக் கொண்டுபோக வேண்டும். ஆச்சி பேசாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை இறக்கிக் காட்டினார். பதினோராவது முறுக்கு கழன்றது. தமிழில் இரண்டு வரி படிக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளும் பிள்ளை, அந்த நோட்டை மட்டும் எழுத்துக்கூட்டியாவது முழுவதும் படித்துவிட்டாள்.

தமிழ்ப் புத்தகங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பரிசாகக் கொடுக்கிறோம், நல்லது. ஆனால், கொடுத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டாவிட்டால், பிள்ளையின் கண்ணில் அது இன்னொரு பாடநூல். வாசிக்க நேரம் ஒதுக்க முடியாதவர்கள் புத்தகம் வாங்காமல், பிள்ளையை நூலகத்துக்கு அழைத்துப்போய் அதுவாகவே எடுக்கவிடலாம்.

பழைய பொருளைக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். என் தம்பி தன் சிறு வயது லெகோ கட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தான். அவற்றைக் கழுவிக் காயவைத்து மகனுக்குக் கொடுத்தான். 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தக் கட்டையின் பிடிமானம் இன்றுவரை மாறவில்லை என்பதால், அப்பாவின் கட்டையும் மகனின் கட்டையும் 'டக்'கென்று ஒன்றோடொன்று பொருந்தின. அப்பாவும் ஒரு காலத்தில் பிள்ளையாக இருந்தவர் என்பதை அவன் அன்றுதான் கையால் தொட்டுப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

உறவினரிடம் பேசுவதுதான் இதில் கடினமான வேலை. அதை டிசம்பரில் தொடங்கக் கூடாது; அதற்குள் எல்லாரும் வாங்கி வைத்திருப்பார்கள், வேண்டாம் என்பது முகத்தில் அடித்ததுபோல் ஆகிவிடும். சென்ற ஆண்டு அக்டோபரில், தம்பியும் அவன் மனைவியும் எல்லாருக்கும் நேரில் சொன்னார்கள்: ஒரு குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளைக்கு ஒன்று போதும். பெரும்பாலோர் நிம்மதியாகவே ஏற்றுக்கொண்டார்கள். தம்பி மனைவியின் அப்பா மட்டும் அமைதியாக இருந்தார். செம்பவாங் கம்பத்தில் (கிராமத்தில்), எட்டுப் பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்தவர். பிறகு என்னிடம், "எனக்கு ஒரு பந்துகூடக் கிடைக்கலைம்மா. அதான் இதுங்களுக்கு வாங்கிக்கிட்டே இருக்கேன்" என்றார். அவர் கொண்டுவரும் பைநிறையப் பொம்மைகளை அதுவரை ஊதாரித்தனம் என்று எண்ணியிருந்தேன். எனக்கு மிகவும் வெட்கமாகப் போயிற்று. "மாமா, அந்தப் பந்தையே வாங்கிக் கொடுங்க. நீங்களும் சேர்ந்து விளையாடுங்க" என்றேன். வாங்கினார். இப்போது சனிக்கிழமை மாலைகளில் புளோக்குக்கு அருகிலுள்ள திடலில், 74 வயதுத் தாத்தா கோல் காக்கிறார்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். "உன் பெயரில் ஏழைப் பிள்ளைக்கு உதவி அனுப்பியிருக்கிறோம்" என்று ஓர் அட்டையைச் சிறு பிள்ளையிடம் கொடுத்து, அதுவே பரிசு என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கொடுத்த மகிழ்ச்சி பெரியவருக்கு, இழந்த உணர்வு பிள்ளைக்கு. ஈகையைப் பிள்ளை தன் கையாலேயே செய்ய வேண்டும். இங்கே பாய்ஸ் பிரிகேட் அமைப்பு 1988 முதல் ஆண்டுதோறும் 'ஷேர்-எ-கிஃப்ட்' என்ற பெயரில் வசதி குறைந்தவர்களுக்காக உணவுப் பொருள்களைத் திரட்டி வருகிறது. சென்ற ஆண்டு பிள்ளைகள் இருவரும் தங்கள் சேமிப்பிலிருந்து ஆளுக்கு 10 வெள்ளி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அரிசியா, எண்ணெயா, டின் மீனா என்று பேரங்காடியின் நடுவில் நின்று இருபது நிமிடம் வாதாடினார்கள். "அந்த வீட்டுலயும் தாத்தா இருந்தா, மெல்ல முடியாதுல்ல? ஓட்ஸ் வாங்கலாம்" என்றாள் தம்பி மகள். பார்த்திராத ஒருவரைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு, அதைச் செய்து பார்க்க இதுவரை நாங்கள்தான் இடம் கொடுக்கவில்லை.

1984-இல், ஆர்ச்சர்ட் சாலையில் முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரம் செய்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் தோ பாயோவிலிருந்து பேருந்தில் அழைத்துப்போனார். எம்ஆர்டி ரயில் வராத காலம். கூட்டத்தில் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகை) வாங்கிக் கொடுத்தார். அந்த ஆண்டு எனக்குப் பெட்டியில் வந்த பரிசு என்ன என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவில்லை. அந்தக் கூம்பின் சூடு கையில் இருக்கிறது. திரும்பும்போது பேருந்தில் உட்கார இடமில்லாமல், அப்பா நின்றபடியே என்னைப் பார்த்து, "உனக்கு எந்த விளக்கு பிடிச்சுது?" என்று கேட்டார். அக்காவிடமும் தம்பியிடமும் அதையே தனித்தனியாகக் கேட்டார். மூவரும் மூன்று வேறு பதில் சொன்னோம். மூன்றையும் வீடு வந்ததும் அம்மாவிடம் பெயர் மாறாமல் சொன்னார்.

இந்த ஆண்டுக் குறிப்பேட்டில், தம்பி மகளின் பக்கத்தில் ஆகஸ்டு மாதம் எழுதியது இது: "ஆச்சியின் பழைய புடவைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எப்போது கட்டியது, இது எப்போது கட்டியது என்று கேட்டாள்." அவற்றிலிருந்து ஒவ்வொரு சதுரம் வெட்டி, ஒரு சிறிய போர்வையைத் தைக்கத் தொடங்கியிருக்கிறோம். பாதிதான் தைத்துக் கொடுக்கப்போகிறோம். சுற்றுவதற்குப் பரிசுத் தாள் வாங்கவில்லை. தமிழ் முரசு நாளிதழ்கள் போதும். அம்மாவுக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரிவதில்லை என்பதால், மீதிப் பாதியைத் தைக்கும்போது ஊசியில் நூல் கோக்கும் வேலை தம்பி மகளுடையது.